பெருவிரற் கோணலும் சத்திரசிகிச்சை முறைகளும்

தோற்றுவாய்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. அச்சிரசு உட்பட உடம்பு முழுவதையும் நாள்தோறும் சுமந்து திரிவன இரு பாதங்கள். ஒரு பாதத்தில் 26 என்புகள் உள. அவற்றுள் ஒன்று தன் நிலையினின்றும் பிறழ்ந்தாலும் நடை தளரும். நடை தளர்ந்தவர்க்குத் தொழிலும் வழிபாடும் உறவினர் வீடு சென்று வருதலும் ஒவ்வொன்றாய்க் குறையும். ஆயினும் முகத்துக்குச் செய்யும் கவனிப்பிற் பத்தில் ஒன்றேனும் நாம் பாதத்துக்குச் செய்வதில்லை.

தமிழாசிரியர்க்குச் சத்திரவைத்தியத்தோடு என்ன தொடர்பு என வினவுவாரும் உளராகலாம். சத்திரசிகிச்சை செய்தல் வைத்தியர் கடன்; தம் உடம்பிற் செய்யப்படுவது யாது என்று அறிதல் நோயாளர் உரிமை. சிகிச்சைக்குமுன் ஒப்புதற் பத்திரம் ஒன்றிற் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. அதன் பொருள் விளங்காமலே ஒப்பமிட்டு, விளைந்தது தாம் எண்ணியதன்று எனப் பின்னர் வருந்துவோர் உளர். இக்குறை மொழியால் நேர்வது, மொழியாலேயே தீர்க்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் வாழ்ந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் என்பார், தமிழிலேயே மேனாட்டு மருத்துவங் கற்பித்து, 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களையும் தமிழில் வெளிவரச் செய்தார். அன்று இயன்றது இன்று இயலாதென்பது பொருந்தாது. ஆகவே, பெருவிரற் கோணல் முற்றிய நிலையில் அதனைச் சீர்செய்தற்கு உள்ள வழிகளை நம் பழைய மாணவரும் இளைய மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு ஈண்டுத் தொகுத்துக் கூறுவாம்.

நோயின் இயல்பு

காலின் பெருவிரல் தன் நேர்வழியை விட்டு இரண்டாம் விரலை நோக்கிச் சாய்வதும், அவ்விரலின் அடியிலே பாதத்தின் உட்பக்கத்தில் ஒரு புடைப்புத் தோன்றுவதும் இந்நோயின் வெளித்தோற்றம். ஆங்கிலத்திற் பேச்சுவழக்கில் இதனைப் 'பனியன்' என்பர். நாம் உடுக்கும் பெனியனுக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை. மருத்துவ நூலார் 'ஹலக்ஸ் வல்கஸ்' என்னும் இலத்தீன் தொடரால் வழங்குவர். முன்னது பெருவிரலையும் பின்னது புறத்தே திரும்பியிருத்தலையும் குறிக்கும்.

புடைப்பைக் கண்டோர் அங்கே புதிதாய் என்பு வளர்ந்துவிட்டதென எண்ணுவர். உண்மை பெரும்பாலும் அதுவன்று. கணுக்காலுக்கும் விரல்களுக்கும் இடையே ஐந்து நீண்ட என்புகள் உள. அவற்றை அனுகணுக்காலென்புகள் என்பர். முதலாவது அனுகணுக்காலென்பு உட்பக்கமாக விலகிச் செல்ல, அதன்மேற் பொருந்திய பெருவிரல் எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. இரண்டுங் கூடி ஒரு கோணத்தை ஆக்குகின்றன. அக்கோணத்தின் முனையே, அதாவது அவ்வென்பின் தலையே, புடைப்பாய்த் தோன்றுகிறது. சப்பாத்து உரசுதலால் அதன்மேற் தோல் தடித்துச் சிவந்து நோகும்.

அவ்வென்புத் தலையின் கீழே எள்ளின் பெயரால் வழங்கப்படும் இரு சிறிய என்புகள் உள. அவை தசைநாண்களுள் அமைந்து, நடக்கும்போது பெருவிரலை ஊன்றித் தள்ள உதவுவன. என்புத்தலை உட்பக்கம் விலகும்போது இவை அதனோடு செல்லாமற் பழைய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அதன்பின் விரலை இழுக்கும் தசைகள் நேராக இழாது கோணலாக இழுக்கின்றன. ஆகவே கோணல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. விரல் சாய்வதோடு அமையாது, தன் அச்சிலே சுழன்று நகம் ஒருபுறம் நோக்குமாறு திரும்பவுஞ் செய்கிறது. நோய் முற்றியவிடத்து, பெருவிரல் இரண்டாம் விரலின் கீழே புகுந்து அதனை மேலே தள்ளும். பெருவிரல் தாங்கவேண்டிய பாரம் அயல் விரல்களின் அடியிற் சென்று சேர, ஆங்கே தோல் காய்த்து நோவு உண்டாகும். புடைப்பிலும் இவ்விரண்டாம் விரலின் துன்பமே மிகுதி என்போர் பலர்.

காரணம்

பிறப்புரிமையாக வரும் பாத அமைப்பு ஒரு காரணம். தாய்க்கு இருந்தது மகளுக்கும் வருதல் பெருவழக்கு. ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக இதனால் வருந்துவர். மூட்டுவாதமும் இதனை விளைவிக்கும். இவற்றோடு, முனை ஒடுங்கிய பாதணி பெருங்காரணமாகிறது.

ஹொங்கொங்கிலே சீன மக்களிடத்து நிகழ்த்தி 1958இல் வெளியிடப்பெற்ற ஆய்வொன்று, சப்பாத்து அணிந்தோருள் நூற்றுக்கு 33 பேருக்கும், அணியாதாருள் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேருக்கும் இக்கோணல் இருந்ததெனக் காட்டிற்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிற் புதையுண்டிருந்த 177 பேரின் என்புக்கூடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்புடையது. 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோருள் நூற்றுக்கு 6 பேரிடம் காணப்பட்ட இக்கோணல், 14ஆம் 15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தோருள் நூற்றுக்கு 27 பேரிடம் காணப்பட்டது. அந்நூற்றாண்டுகளிலேதான் அந்நாட்டிற் கூர்முனைச் சப்பாத்து நாகரிகமாயிற்று. கோணற் பாதமுடையோரின் என்புக்கூடுகளில், விழுதலால் நேரும் முறிவுகளும் மிகுதியாக இருந்தன என்பது கருதத்தக்கது. கோணல் அழகுக்குறை மட்டுமன்று. முதுமையில் வீழ்ச்சிக்கும் அது வழிகாட்டும்.

அளவிடும் முறை

கண்ணளவு போதாது. நோயாளரை நிற்கச் செய்து, உடற்பாரம் பாதத்தில் ஊன்றிய நிலையிலே எக்ஸ்-கதிர்ப்படம் எடுத்தல் வேண்டும். படுத்த நிலையில் எடுக்கும் படத்திற் கோணலின் முழு அளவு தெரியாது. படத்தில் இரு கோணங்களை அளப்பர். பெருவிரலுக்கும் முதலாவது அனுகணுக்காலென்புக்கும் இடைப்பட்டது ஒன்று. இயல்பான பாதத்தில் அது 15 பாகைக்குட்பட்டது. முதலாம் இரண்டாம் அனுகணுக்காலென்புகளுக்கு இடைப்பட்டது மற்றொன்று. அது 9 பாகையளவிற்குட்பட்டது. முன்னது 40 பாகையையும் பின்னது 16 பாகையையும் கடந்தவிடத்துக் கோணல் முற்றியதெனக் கொள்வது பெருவழக்கு.

சத்திரசிகிச்சைக்கு முன்

முனை அகன்ற பாதணி, புடைப்பின்மேல் வைக்கும் மெத்தை, பாதத்தைத் தாங்கும் உள்ளடி, நோவு தணிக்கும் மருந்து என்பன முதலிற் கொள்ளத்தக்கன. இவை நோவைக் குறைக்கும். முற்றிய கோணலை நிமிர்த்தமாட்டா. இரவில் விரலைக் கட்டிவைக்கும் கருவிகள் பல கடைகளில் விற்கப்படுகின்றன. வளர்ந்தோரின் என்பை அவை நிலையாக நேராக்குவதில்லை.

நோவில்லாத பாதத்தை அழகு கருதி அறுத்தல் தகாது என்பது மருத்துவர் பலரும் உடன்படும் கொள்கை. நோவு இடையறாதிருத்தல், அகன்ற பாதணியும் அணியமுடியாமை, இரண்டாம் விரல் ஏறி மடிதல், தோல் புண்ணாதல் ஆகியவை சத்திரசிகிச்சைக்கு உரிய காரணங்களாம்.

சத்திரசிகிச்சை முறைகள்

1881இல் ஜெனீவா நகரத்து இறெவெர்டின் என்பார் அனுகணுக்காலென்பை வெட்டித் திருத்தும் முறையை வெளியிட்டார். அன்று தொடங்கி இன்றுவரை நூற்றுக்கு மேற்பட்ட முறைகள் எழுந்துள்ளன. ஒரு நோய்க்கு இத்தனை வழிகள் இருத்தல், எல்லார்க்கும் பொருந்தும் ஒரு வழி இல்லை என்பதைக் காட்டும். அவற்றை வகுத்து நோக்குவாம்.

முதலாவது, புடைப்பை மட்டும் சீவிவிடுதல். வேலியிற் சாய்ந்து நிற்கும் கதியாலின் புறத்தே நீண்ட பகுதியைச் செதுக்கிவிட்டாற் கதியால் நேராகுமா? ஆகாது. அதுபோலவே முற்றிய கோணலுக்கு இது தனித்துப் பயன்படாது. கோணல் விரைவில் மீளும்.

இரண்டாவது, மென்றசைகளைச் சீர்செய்தல். பெருவிரலை இழுத்துச் சாய்க்கும் தசைநாணை விடுவித்து, உட்பக்கத்தில் தளர்ந்த மூட்டுறையை இறுக்கித் தைப்பர். அமெரிக்கரான மக்பிறைட் 1928இல் வெளியிட்ட முறை இவ்வகையிற் புகழ்பெற்றது. அளவிறந்து விடுவித்தால் விரல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். முற்றிய கோணலில் இதனைத் தனியே செய்யாது, என்பை வெட்டும் முறைகளோடு துணையாகச் செய்வர்.

மூன்றாவது, அனுகணுக்காலென்பை வெட்டி நகர்த்துதல். வெட்டும் இடம்பற்றி இது மூவகைப்படும். என்பின் தலைக்கு அண்மையில் ஆப்புவடிவாக வெட்டித் தலையைப் புறத்தே நகர்த்தும் முறையைச் 'செவ்ரன்' என்பர். தலை 1 மில்லிமீற்றர் நகர, என்பிடைக் கோணம் ஏறக்குறைய 1 பாகை குறையும். நகர்த்தத்தக்க தூரம் என்பின் அகலத்தால் வரையறுக்கப்படுவதால், பழைய முறையிற் செய்யும் செவ்ரன் சிறிய, நடுத்தரக் கோணல்களுக்கே உரியது.

என்பின் நடுத்தண்டை நீளவாட்டில் 'இசட்' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவாக வெட்டி, ஒரு பாதியை மறு பாதியின்மேல் நகர்த்தித் திருகாணிகளாற் பிணிப்பது 'ஸ்காவ்' முறை. இப்பெயர் தச்சுத் தொழிலிலிருந்து வந்தது. மரத்தின் நீளம் போதாதவிடத்து இரு மரங்களைச் சாய்வெட்டாற் பொருத்தி நீட்டும் மூட்டுக்கு ஆங்கிலத் தச்சர் இட்ட பெயர் இது. வெட்டுமுகம் நீண்டிருத்தலின் பிணைப்பு உறுதியாயிருக்கும். ஆயின் என்பு மென்மையானவர்க்கு ஒரு பாதி மற்றதனுள் அமிழ்ந்துவிடும் இடர் உண்டு.

என்பின் அடியில் வெட்டுதல் இன்னொரு வகை. படலையைக் கீலினருகே சிறிது திருப்ப அதன் நுனி பெரிதும் நகர்வதைப் பார்த்திருக்கிறோம். அவ்வாறே 6 சென்ரிமீற்றர் நீளமுள்ள என்பை அடியில் 10 பாகை திருப்பினால் அதன் தலை ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் நகரும். கணிதம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துக் காணலாம். இப்பெருந் திருத்தம் காரணமாகவே முற்றிய கோணலுக்கு அடிவெட்டு ஏற்றதாயிற்று. ஆனால் நிமிர்த்தும் விசை மிகுதியானது போலப் பிழையின் விசையும் மிகுதியாம். பொருந்தும்போது என்பு சற்றே மேனோக்கி உயர்ந்துவிட்டால், அது தாங்கவேண்டிய பாரம் அயல் என்புகளிற் சென்று புதிய நோவை விளைக்கும்.

நான்காவது, அடிமூட்டைப் பிணித்தல். சிலருக்கு அனுகணுக்காலென்பு கணுக்காலென்போடு சேரும் மூட்டே தளர்ந்திருக்கும். அவ்விடத்துத் தளர்ச்சி நீங்காமல் என்பை மட்டும் நேராக்கினாற் கோணல் மீள வழியுண்டு. ஆகலின் அம்மூட்டின் குருத்தென்பை அகற்றி, என்பை நேராகத் திருப்பி, இரண்டும் ஓர் என்பாக ஒட்டுமாறு தகட்டாலும் திருகாணியாலும் பிணிப்பர். நியூயோர்க் நகரத்து லப்பிடஸ் 1934இல் எடுத்துரைத்தமையின் இது அவர் பெயரால் வழங்கும். சாய்வோடு சுழற்சியையும் திருத்தவல்லது என்பது இதன் சிறப்பு. இம்மூட்டு இயல்பாகவே சிறிதளவே அசைவதாதலின், பிணித்தலால் நடைக்குப் பெருங்குறை நேராது. என்புகள் ஒட்டாது போதல் இதன் முதன்மையான இடர். புகை பிடிப்போர்க்கு அவ்விடர் மிகும்.

ஐந்தாவது, பெருவிரல் மூட்டையே பிணித்தல். மூட்டின் குருத்தென்பு தேய்ந்து போனவர்க்கும், மூட்டுவாத நோயாளர்க்கும், முன்செய்த சத்திரசிகிச்சை பயன்படாது போனவர்க்கும் இது நம்பத்தக்க வழி. கோணலும் நோவும் ஒருங்கே நீங்கும். விரல் அடிமூட்டில் இனி மடியாது. சமதரையில் நடத்தற்கு இது தடையன்று. ஆயினும் விரல் நுனியில் ஊன்றிக் குந்தியிருந்து களை பிடுங்குவோரும், நிலத்தில் வீழ்ந்து வணங்கி எழுவோரும், உயர்குதிப் பாதணி அணிவோரும் இம்மாற்றத்தை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

ஆறாவது, மூட்டின் ஒரு பகுதியை அகற்றுதல். அமெரிக்கப் படை வைத்தியரான கெலர் 1904இல் வெளியிட்ட இம்முறையிற் பெருவிரலின் முதல் விரலென்பின் அடிப்பகுதி அகற்றப்படும். சிகிச்சை எளிது, விரைவில் நடக்கலாம். ஆனால் விரல் குறுகித் தள்ளும் வலியிழந்து, சிலவேளை மேனோக்கி வளையும். ஆகவே இக்காலத்தில், நடமாட்டம் குறைந்த முதியோர் சிலருக்கே இதனைத் தெரிந்தெடுப்பர்.

இவற்றுக்குத் துணையாக, விரலென்பிலிருந்து சிறியதோர் ஆப்பை வெட்டி விரலை நிமிர்த்தும் முறையொன்றும் உண்டு. அதனை 1925இல் வெளியிட்டவர் அக்கின் என்பார். மடிந்த இரண்டாம் விரலையும் ஒருங்கே திருத்த வேண்டிவருதல் உண்டு.

அண்மைக்காலத்தில், ஒருசில மில்லிமீற்றர் அளவான துளைகளின் வழியே நுண்ணிய சுழல்கருவியைச் செலுத்தி, எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்தவாறே என்பை வெட்டித் திருகாணியிடும் முறை பரவிவருகிறது. வடு சிறிது, தொடக்க நோவும் குறைவு. பயின்ற கைகளில் முற்றிய கோணலும் இம்முறையால் திருந்துகிறது. சிறு துளையால் செய்வது சிறு சிகிச்சை என எண்ணலாகாது. உள்ளே வெட்டப்படுவது அதே என்புதான். அது பொருந்த எடுக்கும் காலமும் பெரிதும் குறைவதில்லை.

தெரிந்தெடுக்கும் வழி

இத்தனை வழிகளுள் ஒன்றை வைத்தியர் யாங்ஙனம் தெரிகிறார்? மூன்று வினாக்கள் வழிகாட்டும். பெருவிரல் மூட்டுத் தேய்ந்துவிட்டதா? தேய்ந்ததாயின் அதனைப் பிணித்தலே பெரும்பாலும் தக்கது. தேயவில்லையாயின், அடிமூட்டுத் தளர்ந்துள்ளதா? தளர்ந்ததாயின் லப்பிடஸ் முறை முன்னிற்கும். தளரவில்லையாயின் அடிவெட்டோ ஸ்காவ் முறையோ, மென்றசைத் திருத்தத்தோடு கூடிப் பொருந்தும். மூன்றாவது வினா யாவற்றினும் முதன்மையானது: வெட்டிய என்பும் தோலும் ஆறத்தக்க இரத்தவோட்டம் அப்பாதத்தில் உண்டா?

நீரிழிவு நம்மவரிடையே மலிந்த நோயாதலின் இதனை வற்புறுத்துகிறோம். பாதத்தின் நாடித்துடிப்பும் தொடுவுணர்ச்சியும் சோதிக்கப்படாமல், இரத்தத்தின் சர்க்கரை அளவு கட்டுப்படாமல், இச்சிகிச்சைக்கு உடன்படலாகாது. விரலை நேராக்கச் சென்று காலையே இழக்க நேருமாயின் அதனிற் கொடியது யாது? இளஞ்சிறாருக்கும் விரைதல் தகாது. முதலாவது அனுகணுக்காலென்பின் வளர்தட்டு அதன் அடியில் இருத்தலின், வளர்ச்சி முடியுமுன் ஆங்கே வெட்டினால் என்பு குறுகிவிடக்கூடும். கோணல் மீளுதலும் சிறாரிடத்து மிகுதி.

சிகிச்சையின் பின்

மருத்துவம் நோயாளி, மருத்துவர், மருந்து, பணிவிடை செய்வோர் என்னும் நான்கினைத் தன் பகுதிகளாக உடையதென்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தாற் பெறப்படும் கருத்து. இச்சிகிச்சையில் அந்நான்காம் பகுதி எத்துணை வேண்டப்படுவது என்பதைப் பலர் முன்கூட்டி எண்ணுவதில்லை. முதல் இரு வாரங்களும் பாதத்தை நெஞ்சின் மட்டத்துக்கு உயர்த்தி ஓய்ந்திருத்தல் வேண்டும்; சமையலும் தண்ணீர் அள்ளுதலும் பிறர் செய்தல் வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தையல் நீக்குவர். என்பு பொருந்த 6 முதல் 8 வாரம் செல்லும். அக்காலத்திற் சில முறைகளுக்கு அடி தடித்த சிறப்புப் பாதணியோடு குதியில் ஊன்றி நடக்க விடுவர். மூட்டுப் பிணித்தலின்பின் சில வாரம் ஊன்றாதிருக்கச் சொல்லுதலும் உண்டு. வெறுங்காலோடு கோயில் வீதி வலம் வருதலை அத்திருவிழாவுக்கு விட்டுவிடுதலே நன்று. வீக்கம் முற்றாக வடிய ஆறு மாதமோ ஓராண்டோ செல்லலாம்.

இடர்களையும் மறைத்தல் தகாது. கிருமித்தொற்று, விரற்றோலின் உணர்ச்சி குறைதல், மூட்டு இறுகுதல், என்பு பொருந்தாமை அல்லது பிழையாய்ப் பொருந்துதல், பாரம் அயல் விரலடிக்கு மாறுதல், காலின் நாளத்தில் இரத்தம் உறைதல், கோணல் மீளுதல் ஆகியன நிகழக்கூடியவை. திருந்திய பின்னரும் கூர்முனைச் சப்பாத்துக்குத் திரும்பினால், நோய்முதல் நீங்காமையின் நோயும் நீங்கி நில்லாது. பெரும்பாலோர் நோவு தணிந்து நலம் பெறுகின்றனர். எனினும் நலம் என்பது நோவின்றி நடத்தல். பதினாறு வயதுப் பாதத்தை மீளப் பெறுதலன்று.

முடிவுரை

இக்கட்டுரை வைத்தியரின் ஆலோசனைக்கு ஈடாகாது. அவரிடம் வினாவத்தக்கவற்றை அறிந்து செல்லுதற்கே உதவும். எனக்கு எந்த முறையைச் செய்யப்போகிறீர்கள், அதனை ஏன் தெரிந்தீர்கள், மூட்டு மடியுமா, எத்தனை வாரம் ஊன்றக்கூடாது, பயன்படாவிடின் அடுத்தது யாது என்னும் ஐந்து வினாக்களையும் தாய்மொழியிற் கேட்டு, விடை விளங்கிய பின்னரே கையொப்பமிடுக.

பழைய மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோர் தம் பாதநோவைத் தாமாகச் சொல்லார்; செருப்பை மாற்றி மாற்றி அணிவதும் நடையைக் குறைப்பதுமே அவர் சொல்லும் சொல். அதனைக் கவனியுங்கள். இளைய மாணவர்களே, சப்பாத்து வாங்கும்போது எழுந்து நின்று, விரல்கள் ஐந்தும் உள்ளே விரியுமா எனப் பாருங்கள். விரல்கள் நெரியுமாயின் அச்சப்பாத்து எத்துணை அழகாயினும் கடையிலேயே இருக்கட்டும்.